ஆடிப்பிறப்புக்கு எந்தக் கொழுக்கட்டை: அரிசிமாவா, உருளைக்கிழங்கா, தயிரா?

கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் ஆடிப்பிறப்பு என்றால் கூழும் கொழுக்கட்டையும். அதில் பேச்சுக்கே இடமில்லை. அம்மா சிவப்புப் பச்சையரிசியை ஊறவிட்டு இடிப்பித்து, வறுத்து, அரித்து வைத்திருப்பார். பயறு வறுத்து உடைத்து அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு உள்ளுடன், அதாவது உள்ளே வைக்கிற கலவை, பிரட்டுவார். அரை நிலா வடிவில் மடித்து, ஓரத்தைப் பல்லுப் பல்லாகக் கிள்ளி அவிப்பார். நாங்கள் எல்லோரும் அந்த ருசிக்குள்ளேயே வளர்ந்தவர்கள்.

போன வருடம் வியன்னாவில் இருக்கும் அக்கா பிள்ளைகளோடு ஆடிக்கு இரண்டு கிழமை முந்தியே வந்துவிட்டார். மூத்த மகளுக்குப் 14 வயது. அம்மா அவித்துக் கொடுத்த கொழுக்கட்டையைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "சித்தி, இதுக்குள்ள பழம் வைக்கேலாதோ? அங்க அப்பிடித்தான் செய்வினம்" என்று கேட்டாள். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "பழம் வைச்சால் வெடிச்சுப் போகும் பிள்ளை" என்றார்.

பேத்தியின் கேள்விக்கும் அம்மாவின் பதிலுக்கும் நடுவில்தான் நாங்கள் அந்த இரண்டு கிழமையும் சமைத்தோம். மூன்று விதமான மா, ஆறு விதமான பழம், அவிப்பதற்கு இரண்டு வழி. சிலது வெடித்தது, சிலது கரைந்தது, சிலதைப் பிள்ளைகள் சட்டியோடு முடித்தார்கள். வெளிநாட்டில் சொந்தம் உள்ள வேறு வீடுகளிலும் இதே ஆசை வருகிறது என்பதால், எது எதற்குப் பொருந்தும் என்று எழுதி வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படையல் வைக்கிற நாளுக்கும், வீடு நிறைய ஆட்கள் வருகிற நாளுக்கும் அரிசிமா, செங்காய் (முழுதாகப் பழுக்காத) மாம்பழம், ஆவி. நாலைந்து பேர் மேசையில் இருந்து சுடச்சுடச் சாப்பிடுவதற்குத் தயிர் மா. உருளைக்கிழங்கு மா எனக்கு மூன்றாவது இடம்தான். ஆனால் அதை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற இரண்டையும் விளங்கிக்கொள்ள அது உதவும்.

அக்கா வீட்டு உருண்டை

அக்கா பிள்ளைகள் சொல்வது மரில்லன்குனோடல். அப்ரிகொட் பழத்துக்கு ஆஸ்திரியாவில் வழங்கும் பெயர் மரில்லெ. ஜேர்மனியில் அதையே வேறு பெயரில் அப்ரிகோஸ என்பார்கள். குனோடல் என்றால் உருண்டை. வியன்னாவுக்கு மேற்கே டானூப் ஆற்றோரம் வஹாவ் என்ற பள்ளத்தாக்கு இந்தப் பழத்துக்குப் பேர்போனது. 'வஹாவ் மரில்லெ' என்ற பெயருக்கு 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு உண்டு. வேறு இடத்துப் பழத்தை அந்தப் பெயரில் விற்க முடியாது. அங்கே அறுவடை மும்முரமாவது ஜூலை நடுவில், எங்கள் ஆடிப்பிறப்பு வருகிற அதே நாட்களில். அக்கா இதைச் சொன்னபோது அம்மாவுக்கு அந்த உருண்டை மேல் முதல்முறையாக ஒரு பிரியம் வந்தது என்று நினைக்கிறேன்.

செய்முறை எளிது. பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, கொட்டை இருந்த குழிக்குள் ஒரு சீனிக்கட்டியை வைப்பார்கள். உருளைக்கிழங்கு மாவாலோ, குவார்க் என்கிற புளித்த பாற்கட்டி சேர்த்த மாவாலோ பழத்தை மூடி உருட்டுவார்கள். உப்புப் போட்ட நீரில் மெதுவாக அவித்து எடுத்து, பட்டரில் பொன்னிறமாக வறுத்த பாண் தூளில் பிரட்டி, சீனி தூவினால் சரி. பிளம்ஸ் பழத்திலும் செய்வார்கள். அதற்குக் கறுவாத் தூளும் சேரும். அந்தக் காலத்தில் பொஹீமியாவிலிருந்து வியன்னா வீடுகளுக்குச் சமைக்க வந்த பெண்களின் கைவண்ணம் இந்த வகைப் பலகாரங்களில் நிறைய இருக்கிறது. செக் நாட்டிலும் ஹங்கேரியிலும் இதே உருண்டையைத் தங்கள் வீட்டுச் சாப்பாடு என்றுதான் சொல்கிறார்கள். அங்கே இது தேநீரோடு கடிக்கிற பலகாரம் மட்டுமில்லை, மத்தியானச் சாப்பாடாகவே மூன்று நான்கு உருண்டை சாப்பிட்டுவிட்டு எழும்புவார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் கண்ணில் படும். எங்கள் உள்ளுடன் வெளியிலேயே சமைத்து முடிந்தது, உலர்ந்தது. மாவுக்கு அதைச் சுமக்கிற வேலை மட்டும்தான். அவர்களுடைய பழம் பச்சையாக உள்ளே போகிறது, மாவுக்குள்தான் வேகிறது, வேகும்போது சாறு விடுகிறது. அந்தச் சாற்றை உள்ளே பிடித்து வைப்பதுதான் மாவின் வேலை. அம்மா 'வெடிக்கும்' என்று சொன்னது இந்தச் சாற்றை நினைத்துத்தான்.

முதலில் பழம்

எந்த மா என்று யோசிப்பதற்கு முன் எந்தப் பழம் என்று முடிவு செய்யுங்கள். அப்ரிகொட் பழத்தில் இனிப்புக்கு அடியில் ஒரு புளிப்பு இருக்கிறது. வெந்ததும் அந்தப் புளிப்பு இன்னும் தூக்கலாகும். சப்பென்ற மாவையும் சீனியையும் பட்டரையும் திகட்டாமல் வைப்பது அதுதான். எங்கள் பக்கத்துப் பழங்களில் முக்கால்வாசி நல்ல இனிப்பு, புளிப்பு குறைவு. அதனால் பழத்தை அப்படியே மாற்றி வைத்தால் வேலை ஆகாது.

முதல் நாள் நாங்கள் செய்த தவறு அதுதான். நன்றாகப் பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் துண்டு போட்டு அரிசிமாவுக்குள் வைத்தோம். 12இல் 9 வெடித்தது. சாறு வாழையிலையில் வழிந்து, அடியில் தண்ணீருக்குள் சொட்டி, சட்டியே மாம்பழ மணம். தின்னக் கூடியதாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. பழம் இருந்த இடத்தில் ஈரமான ஒரு பொந்து.

அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் கையில் இரண்டு மாங்காயோடு வந்து, "செங்காயில செய்து பார்ப்பம்" என்றார். தோல் இன்னும் பச்சை, காம்படியில் மட்டும் மணம் வரத் தொடங்கியிருந்தது. வெட்டும்போது கத்தி வழுக்கிக்கொண்டு போகாமல் நறுக்கென்று இறங்கியது. சதை மஞ்சள், கொட்டையோரம் வெளிறி இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டால் முதலில் இனிப்பு, விழுங்கும்போது நாக்கின் ஓரத்தில் புளிப்பு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சப்பிப் பார்த்துவிட்டு, "இதுதான், இதுதான்" என்றார்.

செங்காயிலும் சாறு உண்டு, ஆனால் குறைவு. அதையும் பிடிக்க ஒரு வழி எங்கள் அடுப்படியிலேயே இருந்தது: வறுத்த பயற்றை இடித்த மா. மாங்காய்த் துண்டைப் பயற்றம்மாவில் பிரட்டி எடுத்து, சீனிக்கட்டிக்குப் பதிலாகச் சுண்டைக்காய் அளவு பனங்கட்டி வைத்து மூடினோம். பனங்கட்டி உருகி, பழச்சாற்றோடு கலந்து, பயற்றம்மா அதைக் குடித்து, மாங்காயைச் சுற்றி ஒரு களி மாதிரி ஆகிவிடுகிறது. பிட்டால் வழிவதில்லை, உலர்ந்தும் இல்லை. இரண்டு ஊர்ச் சமையலும் உண்மையில் கலந்தது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களிடமிருந்து வந்தது பச்சைப் பழத்தை உள்ளே வைத்து வேகவிடும் யோசனை. எங்கள் பயறு அந்தப் பழத்தைக் காப்பாற்றியது.

பாலைப்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் வன்னியில் பழம் பற்றிப் பேச முடியாது. மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரம் போனால் இந்தப் பருவத்தில் மரத்துக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாய்க் கொட்டிக் கிடக்கும். விடியவே போய்ப் பொறுக்குவார்கள். கரடிக்கும் அது பிடித்த பழம், மரத்திலேயே ஏறித் தின்னும், அதனால் தனியே போவதில்லை. எனக்கு அந்தப் பழத்தின் மேல் அவ்வளவு ஆசை. பேத்திப்பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்க வேண்டும் என்று அம்மாவும் நினைத்தார். ஆனால் உருண்டைக்குள் அது பொருந்தவில்லை. சின்னப் பழம், ஒன்றுக்குள் ஒரு விதை, ஒரு உருண்டைக்குப் பத்துப் பன்னிரண்டு பழமாவது விதை எடுக்க வேண்டும். பால் விரலில் ஒட்டி, மாவிலும் ஒட்டி, ஓரம் பொருந்தவே மாட்டேன் என்றது. புளிப்பு என்பது துளியும் இல்லை. கடைசியில் அம்மா மிச்சப் பழத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காய்ச்சிப் பிழிந்து, வடித்து, பாணியாக வற்றவைத்தார். தேன் நிறத்தில் ஒரு போத்தலில் கால்வாசி வந்தது. அதைத் தேசிக்காய்ப் புளி ரெண்டு சொட்டு விட்டு உருண்டைக்கு மேலே ஊற்றிச் சாப்பிட்டோம். பாலைப்பழத்துக்குச் சரியான இடம் அதுதான்: வெளியே, மேலே.

மற்றப் பழங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வருக்கன் பலாச்சுளை வெடிக்காது, நன்றாக நிற்கும். ஆனால் பலா மணம் எல்லாவற்றையும் மூடிவிடும், மா என்ன என்றே தெரியாது. கதலி வாழைப்பழம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், தனியே வைத்தால் குழைந்துபோகும். விளாம்பழச் சதையைப் பனங்கட்டியோடு பிசைந்து வைத்தால் ருசி அபாரம். புளிப்பு அளவாக இருக்கும். முழுப் பழத் துண்டு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் அது ஏமாற்றம். பனம்பழத்தை விட்டுவிட்டோம். அதற்குப் பணியாரம் இருக்கிறது, அதைவிட நல்ல வழி அதற்குத் தேவையில்லை.

அக்கா பெட்டிக்குள் காய்ந்த அப்ரிகொட் ஒரு பை கொண்டுவந்திருந்தார். சுடுநீரில் ஓர் இரவு ஊறவிட்டு, வடித்துத் துடைத்து வைத்தால் மூன்று மாவிலும் நன்றாகவே வந்தது. இங்கே வாங்கிச் செய்வதென்றால் கட்டுப்படியாகாது. யாராவது வருகிறவர்கள் கொண்டுவந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மா

அரிசிமாவில் பழம் வைக்கிறபோது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும்: தண்ணீரின் சூடு, காற்று. கோதுமையில் இருக்கிற இழுவை அரிசியில் கிடையாது. தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் படும்போது மாவிலுள்ள மாச்சத்து வெந்து பசையாகிறது. அந்தப் பசைதான் மாவைக் கட்டிப் பிடிக்கிறது. ஆறின தண்ணீரில் குழைத்த மா தட்டும்போது நன்றாக இருப்பது போலத் தெரியும், ஆவியில் போனதும் ஓரம் பிளக்கும். உலர்ந்த உள்ளுடனுக்குச் சின்னப் பிளவு பிழையில்லை. பழத்துக்கு அது போதும், சாறு அந்த வழியால் போய்விடும்.

மற்றது காற்று. ஆடியில் வன்னியில் சோளகக் காற்று வீசுகிற வீச்சுக்கு, மூடாமல் வைத்த மா பத்து நிமிடத்தில் மேல்தோல் காய்ந்துவிடும். அம்மா ஈரத்துணியால் மூடி வைத்து, ஒரு உருண்டைக்கு வேண்டியதை மட்டும் கிள்ளி எடுப்பார். மற்றவர்கள் தட்ட, ஓரம் பொருத்துகிற வேலையை அவரே செய்தார். பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் முதலில் அழுத்திக்கொண்டு ஒரு சுற்று, அப்புறம் கிள்ளிக் கிள்ளி மடித்து இரண்டாவது சுற்று. உலர்ந்த உள்ளுடன் என்றால் ஒரு சுற்றுத்தான். இரண்டாவது சுற்று பழத்துக்காக அவர் தானாகக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு அரிசிமாவில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

அரிசிமாவின் பெரிய பலம் மணம். வறுத்த சிவப்பரிசி மணத்துக்கும் மாங்காய்ப் புளிப்புக்கும் அப்படி ஒரு பொருத்தம். எங்கள் வீட்டில் மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் அதைத்தான் இடிப்பிப்போம். கடை மாவிலும் செய்யலாம், ஆனால் வாங்கி வந்து இன்னொருமுறை லேசாக வறுத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கு மாவுக்கு வந்தால், கிழங்கைத் தோலோடு அவிக்க வேண்டும். தோலை உரித்து அவித்தால் தண்ணீர் குடித்துவிடும், பிறகு அந்தத் தண்ணீருக்கு ஈடாகக் கோதுமை மாவைக் கொட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும், உருண்டை கல்லாகும். அவித்ததைச் சூட்டோடு உரித்து நசிக்க வேண்டும். அங்கே இதற்கென்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அக்கா அதைத் தேடிக்கொண்டிருந்தபோது என் பெறாமகள்தான் இடியப்ப உரலை எடுத்து வந்தாள். கிழங்கு இடியப்பம் மாதிரி நூல் நூலாக வந்து விழுந்தது, ஒரு கட்டி இல்லை. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வியன்னா வீட்டிலும் இனி இதுதான் என்று ஓர் உரலை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

500 கிராம் கிழங்குக்கு 150 கிராம் கோதுமை மா, 30 கிராம் ரவை, ஒரு முட்டை, ஒரு துண்டு பட்டர், உப்பு. நசித்த கிழங்கு நன்றாக ஆறின பிறகுதான் மற்றதைச் சேர்க்க வேண்டும். அதிகம் பிசையக் கூடாது, பிசையப் பிசைய ஒட்டும் பசையாகும். வைத்திருக்கவும் கூடாது, நேரம் போகப் போக இளகும். அரிசிமாவில் காய்ந்துவிடுமே என்று பயம், இதில் இளகிவிடுமே என்று பயம். அத்தோடு கிழங்கு எந்தக் கிழங்கு என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது. அவித்தால் மாவாக உதிர்கிற கிழங்கு வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிழங்கு மாசி, பங்குனியில்தான் வரும். ஆடியில் கடையில் கிடைப்பதை வாங்கிச் செய்ய வேண்டும். முதல் தடவை உதிர்கிற கிழங்கு கிடைத்தது, பஞ்சு மாதிரி வந்தது. இரண்டாம் தடவை வழவழவென்ற கிழங்கு. அன்று தண்ணீருக்குள் போட்ட 10இல் 4 கரைந்தேவிட்டது. ருசியிலும் ஒரு குறை: கிழங்கு பழத்தோடு சண்டை பிடிப்பதில்லை, ஆனால் சேர்ந்து பாடுவதும் இல்லை. பழமும் பட்டரும் நல்லதாக இருந்தால்தான் அது எழும்பும்.

தயிர் மாவில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. குவார்க் இங்கே கிடைக்காது என்றதும், அக்கா சட்டித் தயிரைத் துணியில் கட்டித் தூக்கிவிடலாம் என்றார். எங்கள் பக்கத்து எருமைத் தயிர் ஏற்கெனவே கத்தியால் வெட்டலாம் போல இறுக்கம். இரவு கட்டித் தொங்கவிட்டு விடிய எடுத்தபோது பாதிக்குச் சற்று மேல் மிஞ்சியது, கையில் ஒட்டாத வெண்ணெய்க் கட்டி மாதிரி. 250 கிராம் அந்தத் தயிர், 50 கிராம் பட்டர், ஒரு முட்டை, 100 கிராம் கோதுமை மா, 50 கிராம் ரவை, உப்பு. கலந்து ஒரு மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்; ரவை ஊறிப் பொங்கும் வரைக்கும் மா கைக்கு அடங்காது. அப்புறம் அது மூன்றிலும் மென்மையானது. கரண்டி பட்டாலே பிளக்கும்.

அதைவிட முக்கியம், தயிரின் புளிப்பு. மாவே புளிக்கிறதால் பழம் புளிக்க வேண்டிய அவசியமில்லை. அரிசிமாவில் திகட்டின கதலி வாழைப்பழம், தயிர் மாவுக்குள் வைத்தபோது வேறு பழம் போல இருந்தது. பலாச்சுளையும் அப்படியே, மணம் அடங்கி நின்றது. பாலைப்பழப் பாணியும் இதற்கு மேலே ஊற்றினால்தான் முழுதாக ருசித்தது. ஆகவே புளிப்பான பழம் என்றால் அரிசிமா, வெறும் இனிப்பான பழம் என்றால் தயிர் மா. எங்கள் இரண்டு கிழமைச் சமையலில் எனக்குக் கிடைத்த நல்ல பாடம் இதுதான்.

முட்டையும் படையலும்

ருசியை மட்டும் பார்த்தால் தயிர் மாவும் அரிசிமாவும் சரிக்குச் சரி. ஆனால் ஆடிப்பிறப்பன்று முதல் தட்டு சாமிக்கும் போனவர்களுக்கும். அதில் முட்டை சேர்க்க முடியாது. எங்கள் வீட்டில் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைக்கிற தட்டு அது. அந்த விஷயத்தில் அம்மாவிடம் யாரும் கேட்கவும் இல்லை, கேட்கவும் மாட்டோம். முட்டை இல்லாமல் உருளைக்கிழங்கு மாவும் தயிர் மாவும் செய்து பார்த்தோம். கிழங்கு மாவுக்குக் கோதுமை மாவைக் கூட்ட வேண்டியிருந்தது, பாரமாகிவிட்டது. தயிர் மா ரவையைக் கூட்டினால் நிற்கிறது, கொஞ்சம் இறுக்கம். ஆவியில் வைத்தால் பரவாயில்லை. அரிசிமாவுக்கு இந்தக் கேள்வியே இல்லை. மரக்கறி மட்டும் சாப்பிடுகிற விருந்தாளிகள் வருகிற வீட்டுக்கும் இது பொருந்தும்.

தண்ணீரா, ஆவியா

அக்கா வீட்டு முறையில் தண்ணீர் கொதிக்கக் கூடாது, அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ் வந்தால் போதும். 10 முதல் 12 நிமிடம். உருண்டை மேலே மிதந்து தானாகத் திரும்பும். தயிர் மாவுக்கும் கிழங்கு மாவுக்கும் இந்த முறை நல்லது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேகும். ஒரு உருண்டையை முதலில் போட்டுப் பாருங்கள். அது கரைந்தால் மாவுக்கு இன்னும் ஒரு பிடி ரவை வேண்டும் என்று அர்த்தம்.

அரிசிமாவுக்கு ஆவிதான். கூழுக்குள் அரிசிமா உருண்டை போடுகிறோமே என்று கேட்கலாம். அதற்குள் பழம் இல்லை, கொஞ்சம் கரைந்தாலும் கூழுக்குத்தான் நல்லது. இங்கே கரைந்தால் நட்டம். இட்டலிச் சட்டியில் பூவரசம் இலை விரித்து 12 நிமிடம். பெரிய சட்டியில் ஒரே தடவையில் இருபதுக்கு மேல் வைக்கலாம். தண்ணீரில் என்றால் இடைவெளி விட்டு ஆறு ஏழுதான் போடலாம், காஸும் கூடப் போகும், ஒரு ஆள் பக்கத்திலேயே நின்று கண்ணகப்பையோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆடிப்பிறப்பன்று அடுப்படியில் அப்படி நிற்க யாருக்கு நேரம்?

மேலே போடுவது பற்றியும் ஒரு சொல். பட்டரில் வறுத்த பாண் தூள் தயிர் மாவுக்கு அவசியம், அந்த மென்மைக்கு ஒரு கரகரப்பு வேண்டும். பாண் தூளுக்குப் பதிலாக வறுத்துக் கொரகொரவென்று இடித்த கச்சானை (நிலக்கடலையை) நெய்யில் ஒரு பிரட்டுப் பிரட்டிப் போட்டால் இன்னும் நல்லது. முல்லைத்தீவுக் கச்சான் கிடைக்கிற எங்களுக்கு அது கையெட்டில் இருக்கிறது. அங்கே கசகசா அரைத்துத் தூவுகிற வழக்கமும் உண்டு என்று அக்கா சொன்னார், நாங்கள் அதற்கு வறுத்த எள்ளுப் போட்டோம். அரிசிமா உருண்டைக்கு மேலே ஒன்றும் வேண்டாம். இலை மணமும் வறுத்த மா மணமும் போதும்.

வைத்திருந்து சாப்பிடுவதிலும் வித்தியாசம் உண்டு. தயிர் உருண்டை எடுத்த அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும், அப்புறம் தொய்யும். கிழங்கு உருண்டை ஆறினால் பாரமாகும், ஆனால் அடுத்த நாள் துண்டு போட்டுப் பட்டரில் பொரித்தால் நன்றாக இருக்கும். அரிசிமா காலையில் அவித்தது பின்னேரம் வரைக்கும் நிற்கும். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்புகிற நாளில் இது சின்ன விஷயமில்லை. பழம் உள்ளே இருப்பதால் இரவு தாண்டி வெளியில் வைக்க வேண்டாம்.

எங்கள் கணக்கு

இந்த வருடம் அக்கா வரவில்லை. அம்மா இப்போதே செங்காய்க்குச் சொல்லி வைத்துவிட்டார். 20 கொழுக்கட்டைக்கு எங்கள் அளவு இது.

வறுத்த சிவப்பரிசி மா இரண்டு சுண்டு (அளக்கிற பேணி), அவித்து அரித்த கோதுமை மா அரைச் சுண்டு, உப்பு அரைத் தேக்கரண்டி. கோதுமை மா ஓரம் பொருந்துவதற்காக, கூடப் போட்டால் ரப்பராகும். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கிற சூடு வந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டுக் குழையுங்கள். காது மடல் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். ஈரத்துணியால் மூடுங்கள்.

நடுத்தர அளவில் இரண்டு செங்காய் மாங்காயைத் தோல் சீவி, பாக்கு அளவுத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு தட்டில் வறுத்த பயற்றம்மா நாலு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை ஏலக்காய்த் தூள், ஒரு சிட்டிகை உப்பு. குட்டானிலிருந்து (பனையோலைப் பெட்டியிலிருந்து) பனங்கட்டியை எடுத்துச் சுண்டைக்காய் அளவில் உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். மாங்காயை முன்கூட்டியே பயற்றம்மாவில் பிரட்டி வைக்காதீர்கள், ஊறி ஈரமாகிவிடும். ஒவ்வொன்றாகப் பிரட்டி, உடனே மாவுக்குள் வைத்து, பனங்கட்டியைப் பக்கத்தில் சேர்த்து மூடுங்கள். நடு கொஞ்சம் தடிப்பாகவும் ஓரம் மெல்லிதாகவும் தட்டினால் மடிப்பு வருகிற இடம் கட்டியாகாது. முதலில் அழுத்தி ஒரு சுற்று, பிறகு கிள்ளி ஒரு சுற்று.

தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகுதான் தட்டை வைக்க வேண்டும். 12 நிமிடம் ஆனதும் இறக்கி, மூடியைத் திறந்து அப்படியே 5 நிமிடம் விடுங்கள். உள்ளே பனங்கட்டி கொதித்துக்கொண்டிருக்கும்; பிள்ளைகளுக்கு உடனே கொடுத்தால் நாக்குச் சுட்டுவிடும்.